வானொலி வகுத்த இசைநாள்

நாளை இசையால் பகுப்பது தமிழர்க்குப் பழைய வழக்கம். திருக்கோயில்களில் வைகறைத் திருப்பள்ளியெழுச்சி முதல் அர்த்தசாமப் பள்ளியறை வழிபாடு வரை ஒவ்வொரு காலத்துக்கும் உரிய இசை உண்டு. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என மூவகையாக முன்னோர் வகுத்து வைத்தனர். பகற்பண்களுள் முதலாவது புறநீர்மை. இராப்பண்களுள் ஒன்று மேகராகக் குறிஞ்சி. இக்காலத்து ஓதுவார்கள் முன்னதைப் பூபாளத்திலும் பின்னதை நீலாம்பரியிலும் பாடுகின்றனர். பூபாளம் துயிலெழுப்புவது, நீலாம்பரி துயில்விப்பது. ஞாயிற்றின் போக்கும் இசையின் போக்கும் ஒன்றாய் நிற்றலே இவ்வமைப்பின் கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய வானொலியும், சென்னையிலும் திருச்சிராப்பள்ளியிலும் நிலைபெற்றபோது, தன் நாளை இசைகொண்டே வகுத்துக்கொண்டது. அது நிகழ்ந்த வரலாறு அறியத்தக்கது.

சென்னையில் வானொலியைத் தொடங்கியது அரசாங்கமன்று. 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர் சிலர் கூடி அமைத்த சென்னை மாகாண ரேடியோ கிளப் என்னும் கழகமே அப்பணியை முதலிற் செய்தது. அவர்கள் கையாண்ட கருவியின் ஆற்றல் 40 வாட்டு. இந்நாளில் ஒரு சிறு மின்விளக்குக்குப் போதுமான அளவு! பொருள்முட்டுப்பாட்டால் 1927-இல் அக்கழகம் தன் பணியை நிறுத்திற்று. அதன் கருவியை ஏற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது. மாலைப்பொழுதில் இசை ஒலிபரப்பாயிற்று. தமக்கென வானொலிப் பெட்டி இல்லாதாரும் கேட்கும்பொருட்டுக் கடற்கரையில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பெற்றன.

1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கிற்று. கவர்னர் எர்ஸ்கின் பிரபுவும், அந்நாளைய முதலமைச்சர் இராஜாஜியும் அவ்விழாவிற் கலந்துகொண்டனர். அடுத்த ஆண்டு மே 16-ஆம் நாள் திருச்சி நிலையம் எழுந்தது. காவிரிக்கரைத் திருக்கோயில்களை அடுத்து வாழ்ந்த நாகசுரக் கலைஞர்க்கும் தவில் வித்துவான்களுக்கும் ஒலிபரப்பு நிலையம் அருகில் வந்தமை இதனாலாய பயன்.

இனி, அந்நிலையங்களின் ஒரு நாளை நோக்குவோம். புலர்காலையில் நிலையத்தின் அடையாள இசை எழும். சிவரஞ்சனியின் சாயல் கொண்ட அவ்விசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்னும் செக் நாட்டு யூத இசைவாணர் என்பர். அதனையடுத்து மங்கல இசை, அஃதாவது நாகசுரம். திருக்கோயில் வாயிலில் முதலில் ஒலிக்கும் கருவியே வானொலியிலும் முதலிடம் பெற்றமை எண்ணி மகிழத்தக்கது. பின்னர்ப் பக்திப் பாடல்கள் வரும். மார்கழித் திங்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் விடியற்பொழுதில் இல்லந்தோறும் ஒலித்தன. காலையில் வாய்ப்பாட்டு, நண்பகலில் வீணை, வயலின், குழல் முதலிய தனிக்கருவி இசை, மாலையில் மெல்லிசையும் கிராமிய இசையும், இரவில் பக்கவாத்தியங்களோடு நிறைந்த கச்சேரி. சனிக்கிழமை இரவுகளில் 1952 முதல் நாடு முழுவதும் ஒருங்கு கேட்கும் தேசிய இசை நிகழ்ச்சி நடந்தது. 1954 முதல் ஆண்டுதோறும் வானொலி சங்கீத சம்மேளனமும் நடைபெறலாயிற்று. இசைப்பயிற்சி என்னும் பகுதியோ, ஆசிரியர் ஒருவர் மாணவர்க்குக் கீர்த்தனத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுக்க, கேட்போரும் இருந்த இடத்திலேயே கற்கும்படி அமைந்தது.

இத்தனை இசைக்கும் பாடுவோரும் கருவியிசைப்போரும் நாள்தோறும் வேண்டும் அன்றோ? அவருள் நிலையத்திலேயே பணியேற்றிருந்தவர் 'நிலைய வித்துவான்' எனப்பெற்றனர். ஆதீன வித்துவான், சமஸ்தான வித்துவான் என்னும் பழைய பெயர்களின் வழியில் வந்த பெயர் இது. இசைவாணரை ஆதரித்த சமஸ்தானங்கள் மறைந்த காலத்தில் வானொலி அவ்விடத்தில் நின்றது. சபைகளின் அழைப்பையே நம்பியிருந்த குடும்பங்கள் பலவற்றுக்குத் திங்கள்தோறும் ஊதியம் கிடைத்தது.

இதற்கு முன்மாதிரி தஞ்சையில் உண்டு. முதலாம் இராசராச சோழர் தாம் எடுப்பித்த பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பேரையும், உடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும், ஆக 50 பேரை நியமித்து, ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் அளித்ததை அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. அவருள் ஒருவர் இறந்தால் அவ்விடத்துக்கு வருவோர் எவர் என்பதும், வருவோர்க்குத் தகுதி வேண்டும் என்பதும் அதிலேயே விதிக்கப்பெற்றுள்ளன. நாள்தோறும் இசை நிலவவேண்டுமாயின் இசைப்போரின் நாட்செலவுக்கு வழி காணல்வேண்டும் என்பதை அவ்வேந்தர் அறிந்திருந்தார்.

வானொலி வகுத்த இந்த நாளில் குறைகளும் இருந்தன. திருவிழாக்காலத்தில் சுவாமி புறப்பாட்டின்போது, ஓர் இராகத்தை வீதிதோறும் விரித்து நெடும்பொழுது வாசித்துப் பழகிய நாகசுர வித்துவான், ஒலிப்பதிவு அறையில் கடிகாரத்தை நோக்கியே வாசிக்கலானார். எதிரே முகம் மலரும் அடியார் கூட்டமும் இல்லை. தலையசைத்து ஊக்கும் இரசிகரும் இல்லை. ஆயினும், அரைமணிப் பொழுதில் ஓர் இராகத்தின் உருவைச் சுருங்கக் காட்டும் திறனும் இதனால் வளர்ந்தது என்பதை மறுத்தலாகாது.

1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் காலத்தில் இசைவாணர் அனைவரும் தேர்வுக்குழுவின்முன் பாடித் தரம்பெற வேண்டுமென்ற முறை வந்தது. கலைஞர் பலர் அதனை எதிர்த்தனர். திரையிசை பெரிதும் குறைக்கப்பெற்று, சாத்திரீய இசைக்கு மிகுந்த நேரம் ஒதுக்கப்பெற்றது. கேட்போருள் பலரோ திரைப்பாடல்களை நாடி இலங்கை வானொலியின்பாற் சென்றனர். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி என்னும் தனி ஒலிபரப்பைத் தொடங்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நல்லதாயினும் திணித்து ஊட்டினால் செவி ஏலாது; நாள்தோறும் கேட்டுப் பழகும் வாய்ப்பிருந்தால் தானே விரும்பும் என்பது இதனாற் பெறப்படும் படிப்பினை.

குறைகள் எவையாயினும், வானொலி செய்த ஒரு பேருபகாரத்தை நன்றியோடு கூறுதல் வேண்டும். சென்னை நிலையம் எழுந்த 1938-இல், தமிழ்நாட்டுப் பெருங்கோயில்கள் பலவற்றில் ஒருசார் மக்கள் திருவாயிலுக்கு அப்பால் நிறுத்தப்பெற்றே இருந்தனர். மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் அ. வைத்தியநாதையர் தலைமையில் ஆலயப்பிரவேசம் நிகழ்ந்தது 1939 ஜூலை 8-ஆம் நாளில்தான். அதற்கு முன்னரே, மங்கல இசை காற்றில் ஏறி மதிலைக் கடந்துவிட்டது. கடற்கரை ஒலிபெருக்கியின் முன் நின்றவரை எவரும் குலம் கேட்டதில்லை. அடியார்க்கு எளியவனான இறைவன் புகழும் எளியவர் செவிக்கு எட்டுதல் முறையேயன்றோ? யாழ்ப்பாணர் குலத்தவராகிய திருநீலகண்டரைத் தம்மோடு உடன்கொண்டு தலந்தோறும் சென்ற ஞானசம்பந்தப் பிள்ளையாரின் திருவுள்ளமும் அதுவே.

2016 ஜனவரி 26-ஆம் நாள் 'ராகம்' என்னும் பெயரால், இருபத்துநான்கு மணி நேரமும் சாத்திரீய இசைக்கே உரிய ஒலிபரப்பு ஒன்றை அகில இந்திய வானொலி தொடங்கியது. மாலைதோறும் சிறிதுபொழுது பாடத் தொடங்கிய இசை, தொண்ணூறு ஆண்டுகளில் இரவும் பகலும் இடையறாது ஒலிக்கும் நிலையை எய்தியது. விரும்பிய பொழுதில் விரும்பிய பண்ணைக் கேட்கும் வசதி இன்று கைப்பேசி உடையார் யாவர்க்கும் உண்டு. ஒலிக்குப் பஞ்சமில்லை.

எனினும் ஒலி வேறு, ஒலிப்போர் வேறு. பதிவு செய்த நாகசுரத்தை ஒலிபெருக்கியில் விடுத்து, தவிலுக்கு ஈடாக மின்விசையால் இயங்கும் மேளத்தை முழக்கிக் காலபூசையை முடிக்கும் கோயில்களும் உள. வானொலி தன் நாளைத் தொடங்க நாகசுரத்தைத் தேடியபோது, அதனை வாசிக்க வல்லார் பலர் இருந்தனர். அவரை வளர்த்தவை திருக்கோயில்களும் அவற்றுக்கு நிலம் விட்ட அறவோரின் கொடைகளுமே. ஊற்று வற்றினால் வாய்க்கால் எதனைக் கொண்டுசெல்லும்?

காலையில் ஓர் ஓதுவார் சந்நிதியில் நின்று புறநீர்மையில் விண்ணப்பஞ் செய்ய, இரவில் ஒரு நாகசுரக் கலைஞர் பள்ளியறையின் முன் நீலாம்பரி வாசிக்க, அவ்விருவர் இல்லத்திலும் அடுப்பெரிய வழி இருக்குமாயின், அந்நாள் நிறைந்த நாளாகும். அந்நிறைவினின்றே வானொலியும் தன் நாளைப் பெற்றது. இசைவடிவாகிய இறைவன் அருளால் அந்நிறைவு ஊர்தோறும் ஓங்குக.