சமோவா மொழிப் பாதுகாப்பு

பாலினேசியக் குடும்பத்தைச் சேர்ந்த சமோவா மொழி, சமோவாவிலும் அமெரிக்க சமோவாவிலும் ஆட்சிமொழி. நியூசிலாந்தில் ஆங்கிலம், மாவோரிக்கு அடுத்து அதிகம் பேசப்படுவதும் இதுவே. அங்கு 1,00,000-க்கு மேற்பட்டோர் பேசுகிறார்கள். ஆயினும் அங்கேயே பிறந்து வளரும் தலைமுறையிடம் மொழி மெலிந்து வருகிறது.

இம்மொழியின் பெருஞ்செல்வம் அதன் மரியாதை வழக்கு. 'துலாஃபாலே' எனப்படும் பேச்சுத் தலைவர் நீண்ட கோலை ஊன்றி, தென்னைநார்ச் சாமரத்தைத் தோளில் சார்த்தி நின்று சபையில் பேசுவார். சாமானியர் வீடு 'ஃபாலே'. உயர்தலைவரின் இல்லம் 'மாவோத்தா'. இந்த நுட்பமெல்லாம் பாடநூலால் மட்டும் கைவராது, மூத்தோர் பேசக் கேட்டுப் பழகவேண்டும்.

1980-களில் நியூசிலாந்தில் தோன்றிய 'ஆஓங்கா அமாத்தா' மழலையர் பள்ளிகளில் பாட்டும் விளையாட்டும் சமோவா மொழியிலேயே நடக்கின்றன. தேவாலயங்களின் பங்கு இன்னும் பழையது: முழு விவிலியமும் 1855-இலேயே மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. ஆண்டுதோறும் மே இறுதியையொட்டி நியூசிலாந்தில் சமோவா மொழி வாரம் கொண்டாடப்படுகிறது.