சொந்தச் சாராயம் குற்றமான கதை

1945 செப்டம்பர் 2 அன்று ஹோ சி மின் வாசித்த வியட்நாம் சுதந்திரப் பிரகடனத்தில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் மக்கள் மீது அபினையும் சாராயத்தையும் திணித்தார்கள் என்பது அது. முதலில் படித்தபோது ஏதோ மதுவிலக்குப் பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் கிராமத்துக்குக் கிராமம் அரிசிச் சாராயம் காய்ச்சிய நாடாச்சே அது! அவர்கள் மீது சாராயத்தை ஏன் திணிக்க வேண்டும்?

விடை 'மென்' என்ற சின்ன வெள்ளை உருண்டையில் இருக்கிறது. அரிசி மாவோடு மூலிகைகள் சேர்த்துப் பிடித்தது. வெந்த சோற்றை ஆறவிட்டு, இதைப் பொடித்துத் தூவி மூடிவைத்தால் மூன்று நாளில் இனிப்பும் லேசான போதையுமாகப் புளித்துவிடும். ஈஸ்ட்டால் மாவுச்சத்தை நேரடியாகத் தின்ன முடியாது. மென்னில் இருக்கும் பூஞ்சை அதைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்கும். கூடவே இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். இன்னும் சில நாள் விட்டு வடித்தால் 'ரூவு'.

1891-இல் சைகோனில் பாஸ்டர் ஆய்வகத்தைத் தொடங்கிய ஆல்பெர் கால்மெட் அங்கேயே இந்தப் பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். பிசிஜி தடுப்பூசியின் 'சி' இவர்தான். அந்த ஆய்விலிருந்து தொழிற்சாலைகளுக்கான வடிப்பு முறை ஒன்று உருவானது.

1897-இல் கவர்னர் ஜெனரலாக வந்த பால் டூமெர் உப்பு, அபின், சாராயம் மூன்றையும் அரசின் ஏகபோகமாக்கி வருமானம் பார்த்தார். 1901-இல் ஃபோன்டேன் என்பவரின் வடிப்பு கம்பெனி உருவானது. வடக்கு, மத்திய வியட்நாமின் சாராயம் அதன் கைக்குப் போனது. வீட்டில் காய்ச்சுவது கள்ளச்சாராயம் ஆனது. சுங்க அதிகாரிகள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள். அபராதம், சிறை என்று தண்டனை. ஆலைச் சாராயத்தில் ஊர்ச் சாராயத்தின் மணமும் ருசியும் இல்லை, விலையும் அதிகம். ஆனாலும் அதைத்தான் வாங்கியாக வேண்டும்.

அவர்கள் உருண்டையிலிருந்து எடுத்த பூஞ்சையைக் கொண்டே சாராயம் வடித்து, அவர்களுக்கே விற்றார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பிரகடனத்தின் அந்த வரி எனக்கு மதுவிலக்குப் பேச்சாகத் தெரியவில்லை.

அந்த ஏகபோகம் போய்விட்டது. மென் உருண்டை இன்றும் வியட்நாம் சந்தைகளில் கிடைக்கிறது. சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் காலையில், வயிற்றுப் பூச்சி சாகட்டும் என்று இன்றைக்கும் வீட்டில் எல்லோரும் ஒரு கிண்ணம் புளித்த சோறு சாப்பிடுகிறார்கள்.