மெழுகும் பிசினும்: சிற்றுருக் கலை வரலாற்றில் ஒரு நோக்கு

சிற்பக் கலையைக் கழித்தல், கூட்டல் என இரு நெறிகளாகப் பகுத்து நோக்கலாம். கொட்டாஞ்சேனையிலே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் ஆலயம் முதல் நெறிக்குச் சான்றாகும். அங்கு உளி தவறின் மீட்சியில்லை. கொழும்பு நூதனசாலையிலுள்ள பொலநறுவைத் திருமேனிகள் இரண்டாம் நெறியின் பயனாகும்.

1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட இத்திருமேனிகளை ஆனந்தக் குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவற்றின் சைவ உட்பொருளை விளக்கினார். அவ்வுட்பொருளைத் தாங்கிநிற்கும் கைத்தொழில் நுட்பமும் அதேயளவு கருதத்தக்கது. உலோகமாவதற்கு முன் இவை மெழுகாகவே உருப்பெற்றன. தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த கலவை, சூட்டில் இளகிக் குளிரில் இறுகும். அதனாற் சமைத்த உருவின்மீது நுண்ணிய வண்டல் மண்ணைப் படைபடையாகப் பூசி உலர்த்திச் சுடுவர். மெழுகு உருகி வெளியேற, அவ்வெற்றிடத்தில் உலோகம் வார்க்கப்படும். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசமும் இம்முறையை விவரிக்கின்றது.

இன்று பொழுதுபோக்காகச் சிற்றுருக்கள் சமைப்போர் கையாளும் எப்பொக்சிப் புட்டி இந்நெறியின் புதிய கிளையாகும். எப்பொக்சிப் பிசினை 1930களிலும் 1940களிலும் சுவிற்சர்லாந்தின் பியர் கஸ்தானும் அமெரிக்காவின் சில்வன் கிறீன்லீயும் தனித்தனியே உருவாக்கினர். பிசினொன்றும் இறுக்கியொன்றுமாக அமைந்த இரு பகுதிகள் கலந்தவுடன் வேதியியல் மாற்றம் தொடங்குகின்றது. மெழுகு மீண்டும் இளகும். புட்டி ஒருமுறை இறுகினால் இளகாது.

ஆதலின் தொடக்கநிலையினர் முதலிற் கற்கவேண்டியது கால அளவையாகும். நீலமும் மஞ்சளுமான இரு பகுதிகளைச் சம அளவில் எடுத்து, ஒரே பச்சை நிறம் வரும்வரை பிசைதல் வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் வரை அது கருவிக்குப் பணியும். முற்றாக இறுக ஒரு நாள் செல்லும். கம்பியாலான எலும்புக்கூட்டின்மேல் முதலில் உடலும், அது இறுகியபின் ஆடையும் அமைக்கப்படும். கருவியை நீரில் நனைத்தால் ஒட்டாது. இறுகாத பிசின் தோலுக்கு ஒவ்வாமை விளைக்கக்கூடுமாதலின் கையுறை இன்றியமையாதது.

இரு பொருள்களின் வேறுபாடு கலையின் நோக்கையே மாற்றியது. தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகும். சிற்றுருத் தொழிலில் மூலவுருவை இறப்பருக்குள் வைத்து 150 பாகையை அண்டிய வெப்பத்தில் அச்செடுப்பர். அங்கு மெழுகு நில்லாது, புட்டி நிற்கும். எனவே பண்டைய மெழுகுரு தான் அழிந்து ஒரேயொரு திருமேனியைத் தந்தது. அதன் அச்சும் உடைக்கப்பட்டமையால் அதற்கு இரட்டை பிறக்கவில்லை. புட்டியாலான மூலமோ தான் நிலைத்துப் பல படிகளைத் தருகின்றது.

ஒன்று வழிபாட்டுக்குரியது, மற்றையது விளையாட்டுக்குரியது என இவற்றை ஒதுக்கிவிடல் எளிது. ஆயின் மெழுகிற் செய்த மூலங்கள் அழிந்துவிட்டமையால், அந்தச் சிற்பியர் விரல்கள் எவ்வாறு இயங்கின என்பதை நூல்களால் மட்டும் அறிதல் அரிது. தன் கையாற் புட்டியைப் பிசைந்து ஒரு விரலையேனும் சமைக்க முயன்ற மாணவன் நூதனசாலையின் நடராசர் முன் நிற்கும்போது, அவ்வுழைப்பின் அருமையை உணர்வான். அவ்வுணர்வும் வரலாற்றறிவின் ஒரு பகுதியே என்பது துணிபு.