மீசை வைத்த நாங்களும் மேடையேறிய சுந்தராம்பாளும்

புளியங்கூடலை விட்டு எங்கெங்கோ வாழும் பழைய மாணவியராகிய எமக்கு, நாடகம் என்றதும் நினைவுக்கு வருவது பரிசளிப்பு விழா மேடையே. அரசியும் நாமே, அரசனும் நாமே. கண்மையால் மீசை வரைந்து வாளேந்தினோம். மறுநாள் மீசை அழிந்தது. நடிப்பும் அத்தோடு முடிந்தது. நன்றாகப் பாடிய தோழியரிடமும் இதைத் தொழிலாகக் கொள்ளலாம் என்று எவரும் சொன்னதில்லை.

யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் விடியவிடிய நடந்த இசை நாடகங்களில் பெண் வேடத்தையும் ஆண்களே தரித்தனர். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாக நடித்த மயான காண்டத்தைப் பார்த்துத் தாய்மார் அழுதனர். அவர்களை அழவைத்த சந்திரமதியும் ஓர் ஆணே.

ஆனால் அதற்கு முன்னரே பெண்ணொருத்தி தமிழ் மேடையில் தொழில் செய்தார். கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், வறுமையால் ரயிலில் பாடிய சிறுமி. குரல் கேட்டு வியந்தவர்களால் நாடகக் கம்பனியில் சேர்ந்தார். முதலில் கிடைத்தவை பாலபார்ட் வேடங்கள்.

பின்னர் 'ஸ்பெஷல்' நாடகம். ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே பேசி அழைப்பார்கள். கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. பாட்டும் வசனமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாட வேண்டும். 1926இல் கொழும்பு மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் அவர் நடித்தார். மறு ஆண்டு மணந்தார். கிட்டப்பா 1933இல் காலமானபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் வெள்ளையுடுத்தியவர், 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். 1951இல் சென்னை மாகாண மேலவையிலும் இடம்பெற்றார்.

எங்கள் வீட்டார் இவரது பாட்டை விரும்பிக் கேட்டார்கள். இவரைப் போல மகள் ஆவதை விரும்பவில்லை. அவர்கள் அச்சத்திலும் நியாயமுண்டு. இரவுப் பயணம், நிலையில்லா வருமானம், ஊர்வாய் என எல்லாவற்றையும் எண்ணினார்கள்.

இன்று நாடகமும் அரங்கியலும் உயர்தர வகுப்பில் ஒரு பாடம். பிள்ளைகள் படிக்கிறார்கள், பிழைப்புக்கு வழிதான் இன்னும் குறுகலாக இருக்கிறது. உங்கள் மகளோ பேத்தியோ நடிக்கப் போகிறேன் என்றால், உடனே மறுக்காதீர்கள். சம்பளம் என்ன, இரவில் எப்படி வீடு திரும்புவாய் என்று கேளுங்கள். எங்களிடம் எவரும் அதைக்கூடக் கேட்கவில்லை.