மரகைபோ ஏரிக்கரை மக்கள் தந்த இரத்தம்



கை கால்கள் தன்பாட்டில் ஆடும். பேச்சுக் குழறும். குணமும் மாறும். இதுதான் ஹன்டிங்டன் நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நியூயோர்க்கின் ஈஸ்ட் ஹம்ப்டனில் தந்தையும் பாட்டனும் பார்த்துவந்த குடும்பங்களை வைத்து, 1872இல் 22 வயது வைத்தியர் ஜோர்ஜ் ஹன்டிங்டன் இதை எழுதினார்.

தாயை இந்நோய்க்குப் பறிகொடுத்த நான்சி வெக்ஸ்லர், 1979 முதல் வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக்குப் போனார். அங்கு இந்நோய் மிக அதிகம். ஏழை மீனவக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இரத்தம் கொடுத்தன. அது உதவ, 1983இல் 4ஆம் நிறமூர்த்தத்தில் நோயின் தடம் தெரிந்தது. 1993இல் பரம்பரையலகே அகப்பட்டது.

இன்று, சேதமடையும் நரம்புக் கலங்களிலிருந்து கசியும் புரதத்தை இரத்தத்தில் அளக்கிறார்கள். அறிகுறிக்குப் பல வருடங்கள் முன்பே அது கூடுகிறது. கையில் கட்டும் கருவி, வீட்டிலிருப்பவரின் அசைவைப் பதிந்து ஆய்வாளருக்கு அனுப்புகிறது. பூரண குணம்தான் இன்னும் இல்லை.

2020இல் வெக்ஸ்லர் தனக்கும் அந்நோய் இருப்பதை வெளியே சொன்னார்.

நம் ஊர்களில் கலியாணம் தடைப்படும் என்று குடும்ப நோயை மூடி மறைக்கிறோம். அந்த மீனவர்களும் மறைத்திருந்தால்? பரம்பரை நோயைக் குடும்பக் குறையாகப் பேசுவதை நாம் முதலில் விடுவோம். அப்போதுதான் நோயாளிக்கு வாய் திறக்கத் துணிவு வரும்.