அக்காவின் அரிப்பும் எலியின் சிறுநீரகமும்

சின்னாளப்பட்டியில் யாருக்காவது உடம்பு அரித்தால் முன்பெல்லாம் முதல் பழி சாயத்தின் மேல்தான் விழும். வீதிக்கு வீதி தறி ஓசை கேட்ட காலம் அது. என் அக்கா வீட்டிலும் இரண்டு தறிகள். அத்தான் நெய்வார், அக்கா தார் சுற்றுவார், சாயம் போட்ட நூலை உலர்த்துவார். 1976 வாக்கில் அவருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கின. இரவில்தான் அதிகம். சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். சாய நூலைத் தொடுவதை விட்டார். அரிப்பு அவரை விடவில்லை. அடுத்த வருடம் கண் மஞ்சளானது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து ஒரு மண்டலம் குடித்தார். உப்பில்லாப் பத்தியம் வேறு.

1978இல் வெளியூர் மருத்துவமனை ஒன்றில், பித்தக்குழாயைக் கல் அடைத்திருக்கும் என்று வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். கல் இல்லை. தைத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எல்லாம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் கையில் கொடுத்த சீட்டில் 'சிர்ரோசிஸ்' என்று எழுதியிருந்தது. ஊரில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்: குடி. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "மாப்பிள்ளை குடிப்பதாகத் தெரியவில்லையே, அப்புறம் எப்படி?" என்று கேட்டுவிட்டார். அக்கா காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. 1984இல் இறந்தபோது வயது 46.

2011இல் அக்கா மகளுக்கு அதே அரிப்பு வந்தது. திண்டுக்கல்லில் பார்த்த மருத்துவர் அக்காவின் கதையைக் கேட்டுவிட்டு, வழக்கமான ஈரல் பரிசோதனையோடு இன்னொரு ரத்தப் பரிசோதனையும் எழுதினார். மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பது. 'இருக்கிறது' என்று வந்தது. நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். இந்தப் பரிசோதனை எங்கிருந்து, எப்போது வந்தது என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

என் பிரெஞ்சு இங்கே கொஞ்சம் உதவியது. அப்பா புதுச்சேரியில் புடவைக் கடை வைத்திருந்ததால் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் ஈரலுக்கும் நம்பிக்கைக்கும் உச்சரிப்பு ஒன்றுதான்: 'ஃபுவா'. எழுத்துதான் வேறு. சொல்வதெழுதல் வகுப்பில் 'எனக்கு ஈரல் வலிக்கிறது' என்பதை 'எனக்கு நம்பிக்கை வலிக்கிறது' என்று எழுதி அடி வாங்கியவன் நான்.

'சிர்ரோசிஸ்' என்ற சொல்லைக் கொடுத்தவரும் பிரெஞ்சுக்காரர்தான். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லாயென்னெக், 1819இல் வெளிவந்த தம் நூலில் இதைப் பயன்படுத்தினார். கிரேக்க மொழியில் பழுப்பு கலந்த மஞ்சள் என்று பொருள். கெட்டுப்போன ஈரலின் நிறத்தைச் சொல்லும் சொல், அவ்வளவுதான். குடி என்பது அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. பந்தியில் கேட்ட அந்தப் பெண்மணி உயிரோடு இருந்தால் சொல்லியிருப்பேன்.

குடிக்காதவர்களுக்கும் ஈரல் இப்படிக் கெடுகிறது என்பதும் அன்றே தெரிந்த விஷயம். 1851இல் லண்டனில் அடிசனும் கல் என்பவரும் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். (கல் என்பது அவர் பெயர், பித்தக்கல் அல்ல.) 1876இல் பாரிஸில் விக்டர் அனோ, ஈரல் வீங்கி, காமாலை வருடக்கணக்கில் நீடிக்கும் நோய் தனி வகை என்று எழுதினார். ஆனால் காரணம் தெரியவில்லை.

காரணத்தின் முதல் நுனி கிடைத்தது 1950களில். 1956இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இயன் மக்கேயும் சகாக்களும், உடம்பின் பாதுகாப்புப் படையே சொந்த ஈரலைத் தாக்கும் ஒரு நோயை விவரித்தார்கள். அதே 1956இல் லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் முதலியோர், ஒருவகைத் தைராய்டு நோயும் இப்படித்தான் வருகிறது என்று கண்டார்கள். வேலிக்கு வைத்த காவல்காரனே பயிரை மேய்ந்த கதை.

அடுத்து டோனியாக் குழு ஈரல் பக்கம் வந்தது. ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஷீலா ஷெர்லாக் என்ற புகழ்பெற்ற ஈரல் மருத்துவர் இருந்தார். அந்த நாட்டின் முதல் பெண் மருத்துவப் பேராசிரியர். அவருடைய நோயாளிகளின் ரத்தத்தை இவர்கள் சோதித்தார்கள்.

சோதிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். எலியின் சிறுநீரகத்தை மெல்லிய படலமாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைக்கிறார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, நாற்பதில் ஒரு பங்காக நீர்க்க வைத்து அதன் மேல் விடுகிறார்கள். பிறகு கழுவுகிறார்கள். ஆன்டிபாடி இருந்தால் அது போய் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. அடுத்து, ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொரு ஆன்டிபாடியை விட்டால் அது முதலாவதைப் பிடித்துக்கொள்ளும். இப்போது புற ஊதா ஒளி உள்ள நுண்ணோக்கியில் பார்த்தால் சிறுநீரகக் குழல்கள் பச்சையாக ஒளிரும். அந்தக் குழல்களில் மைட்டோகாண்ட்ரியா ஏராளம், அதனால்தான் சிறுநீரகம். இந்தச் சாய முறை 1940களில் அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸ் உருவாக்கியது. சாயமேற்றி, கழுவி, எது ஒட்டியது என்று பார்ப்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலையா என்ன?

வாக்கர், டோனியாக், ராய்ட், ஷெர்லாக் ஆகியோரின் கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. பித்தக்குழாய்கள் ஈரலுக்குள்ளேயே மெல்ல அழியும் இந்த நோய் உள்ளவர்களிடம் அந்த ஆன்டிபாடி இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இருக்கும் என்பது இன்றைய கணக்கு. கல் அடைத்து வரும் காமாலையில் பொதுவாக இருக்காது. ஆக, கல்லா இல்லையா என்று பார்க்க வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு குழாய் ரத்தம் போதும்.

கட்டுரை வந்த ஆண்டு 1965. அக்காவின் வயிற்றைத் திறந்தது 1978. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவன் நான். பதிமூன்று வருடத் தாமதம் என்றால் எங்கள் அலுவலகத்தில் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போகும். இதை யாருக்கு அனுப்புவது?

நம் நாட்டில் அன்று காமாலை என்றால் வைரஸ்தான் முதல் கவலை. அதில் தவறில்லை, அதுதான் பெரும்பாலானவர்களுக்கு வந்தது. கீழாநெல்லியைக்கூட முறையாகச் சோதித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு 1988இல், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, அதே 'லான்செட்'டில் எழுதியது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் தங்கிவிட்டவர்களில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அதன் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது என்றார்கள். பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியானாலும் அது கிருமிக்கான பேச்சு. அக்காவின் நோயில் கிருமியே இல்லை.

சொல்லப்போனால் 1978இல் பெயர் தெரிந்திருந்தாலும் மருந்து இருந்திருக்காது. வயிற்றில் தையல் ஒன்று மிச்சமாகியிருக்கும், பந்தியில் அந்தக் கேள்வி வந்திருக்காது. மருந்து பாரிஸிலிருந்து 1987இல் வந்தது: உர்சோடிஆக்சிகோலிக் அமிலம். ராவுல் பூப்போன் குழு இந்த நோய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்து எழுதியது. பெயரில் உள்ள 'உர்சோ' லத்தீனில் கரடி, பிரெஞ்சில் 'ஊர்ஸ்'. கரடியின் பித்தத்தில் முதலில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். இப்போது ஆலையில்தான் தயாராகிறது, கரடிகள் பயப்பட வேண்டாம். நோயை அடியோடு போக்காது. பலருக்கு அதன் வேகத்தைக் குறைக்கும்.

2015 வாக்கில் நோயின் பெயரையும் மாற்றினார்கள். கடைசிச் சொல்லான 'சிர்ரோசிஸ்' போய் 'கோலாஞ்சைட்டிஸ்' வந்தது. பித்தக்குழாய் அழற்சி என்று பொருள். கேட்டது நோயாளிகள்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்கூட அந்தச் சொல்லைக் கேட்டவுடன் குடியைத்தான் நினைத்தார்களாம்.

இதை அக்கா மகளிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அம்மாவோட சீட்டு இருக்கா மாமா?" என்று கேட்டாள். டிரங்குப் பெட்டியில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அவள் இப்போது காலையும் இரவும் 300 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கத் திண்டுக்கல் போகிறாள். பேருந்தில் துணைக்கு நானும் போவேன். அக்கா இறந்த வயதைக் கடந்து அவளுக்குப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அடுத்த பரிசோதனை ஐப்பசியில்.