இயன்மருத்துவம்: தசை, எலும்பு நோய்களில்

இயன்மருத்துவம் (பிசியோதெரபி) என்பது தசை, எலும்பு, மூட்டு நோய்கள் போன்றவற்றால் குன்றிய உடலியக்கத்தைப் பயிற்சி, கைச்சிகிச்சை, அறிவுரை ஆகியவற்றால் மீட்கும் மருத்துவத் துறை. உலகில் ஏறத்தாழ 171 கோடிப் பேருக்குத் தசை, எலும்பு, மூட்டு நோய்கள் உள்ளன.

இலங்கையின் கண்டித் தேயிலைத் தோட்டங்களில் தலையில் மாட்டிய கயிற்றில் கொழுந்துக்கூடை சுமந்து சரிவேறும் பெண்களின் கழுத்தும் இடுப்பும் பெரும்பாரம் தாங்குகின்றன. அவர்களுக்கு வலி குறைவது மட்டும் போதாது. மீண்டும் குனியவும் ஏறவும் முடிவதே வாழ்க்கைத்தரம். இடுப்புவலிக்கான ஆஸ்வெஸ்ட்ரி வினாநிரல் 10 தலைப்புகளில் இத்தகைய இயலாமையை அளக்கிறது. 249 சோதனைகளைத் திரட்டிய 2021ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வில், நாட்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சி செய்தோரிடம், சிகிச்சை பெறாதோர் அல்லது வழக்கமான கவனிப்போ போலிச் சிகிச்சையோ பெற்றோரைவிட வலி 100க்குச் சுமார் 15 புள்ளியும் இயலாமை சுமார் 7 புள்ளியும் குறைந்திருந்தன.

கண்டி தேசிய வைத்தியசாலை, திகன புனர்வாழ்வு வைத்தியசாலை ஆகியவற்றில் இயன்மருத்துவச் சிகிச்சை இலவசம். பேராதனைப் பல்கலைக்கழகம் இத்துறையில் பட்டப்படிப்பு நடத்துகிறது.